சாதியைப் பாவம் என்று பீடத்தில் நின்று சொல்லுங்கள்

தங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் தங்களுக்கும் இடம் வேண்டும், தங்கள் வீட்டில் இறந்தவர்களும் எல்லாரோடும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடங்க வேண்டும் என்று கேட்டு, கத்தோலிக்கர்கள் சிலர் டில்லிக்குப் போய் உச்ச நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறிஸ்தவர்கள் அவர்கள். அந்தப் பங்கு 1899-இல் நிறுவப்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. திருவிழா வரியை எங்களிடம் வாங்குவதில்லை, கோயில் நிர்வாகத்தில் எங்களுக்கு இடமில்லை, தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்பவை அவர்களுடைய முறையீடுகள். உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்காமல் மேலே போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது.

வழக்கில் எது மெய், எது மிகை என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். நாம் கேட்பது எந்த நீதிமன்றமும் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஞானஸ்நானம் பெற்ற ஒருவரை, அவர் பிறந்த தெருவைக் காரணம் காட்டி, ஞானஸ்நானம் பெற்ற இன்னொருவர் ஒதுக்கி வைப்பது பாவமா, இல்லையா? பாவம் என்றால் சாவான பாவமா, அற்பப் பாவமா? அதைச் செய்தவர் யார்? யாரிடம் அறிக்கையிட வேண்டும்? எதைத் திருப்பிக் கொடுத்த பிறகு மன்னிப்பு? மறைக்கல்வி வகுப்பில் பத்து வயதுப் பிள்ளைக்குப் பாவங்களை வகை பிரித்துச் சொல்லித் தருகிற திருச்சபை, இந்த ஒரு பாவத்தின் முன்னால் மட்டும் காவிரிக் கரைப் பங்குகளில் வாய் அடைத்து நிற்கிறது. அந்த மௌனத்தைக் கண்டிக்கிறோம். வெளியே நின்று கல்லெறிகிறவர்களாக எழுதவில்லை. அதே பீடத்தின் முன் முழங்கால் போடுகிறவர்களாக எழுதுகிறோம்.

நாம் இருந்து எழுதும் திருவையாற்றைச் சுற்றிக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. மேற்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பூண்டி மாதா பசிலிக்கா. வடக்கே கொள்ளிடம் தாண்டினால் வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில். தெற்கே தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர் கோயில். ஆகஸ்டு கடைசியில் காவி கட்டிப் புறப்படும் வேளாங்கண்ணி நடைபயணக் கூட்டம் டெல்டாச் சாலைகளில் ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே திண்ணையில் படுத்து எழுந்து போகிறது. பூண்டியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரிடம் எந்தத் தெரு என்று எவரும் விசாரிப்பதில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் கணக்கு மாறுகிறது.

இங்கிருந்து பஸ்ஸில் அதிக தூரமில்லாத ஒரு பங்குக் கோயிலின் பின்புறக் கொட்டகையில் சவம் தூக்கும் தூம்பாக்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்றுக்குப் புது பெயின்ட், நான்கு மூலையிலும் தகரத்தில் வெட்டிய சம்மனசுகள். மற்றதன் கைப்பிடிக் கட்டையைக் கறையான் அரித்து, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கிறது. எது யாருக்கு என்று எங்கும் எழுதவில்லை. கோயில்பிள்ளைக்குத் தெரியும், அவர் ஒருநாளும் மாற்றி எடுத்துக் கொடுத்ததில்லை. துக்க மணி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. சாமியார் எல்லார் மேலும் ஒரே தீர்த்தத்தைத்தான் தெளிக்கிறார். வாசலைத் தாண்டியதும் ஒரு சவ ஊர்வலம் தார்ச் சாலையில் இடப்பக்கம் திரும்புகிறது. இன்னொன்று வலப்பக்கம் திரும்பி, வாய்க்கால் கரையோடு நடவு வயலுக்குள் இறங்குகிறது. ஐப்பசி மழையில் அந்தக் கரையில் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கும். வலப்பக்கம் திரும்பும் ஊர்வலத்தோடு சாமியார் எத்தனை முறை கல்லறைவரை நடந்திருக்கிறார் என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால், விரல் விட்டு எண்ணிச் சொல்கிறார்கள்.

கேட்டால், ஊர் வழக்கம் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மட்டுமல்ல, பட்டம் பெற்ற குருக்களே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வருவதற்கு முன்பே இருந்தது, மாற்றலாகிப் போகிறவரை கிளறாமல் இருந்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம்.

இந்தச் சாக்குக்கு நானூறு வயதாகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்கள், அவற்றில் மத விரோதம் ஒன்றுமில்லை என்று வாதாடினார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்று அனுமதி கொடுத்தார். ஆனால் அதே ஆணையில், உயர்குலம் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் எளியவர்களை இகழக் கூடாது, அதுவும் கோயிலில் தேவ வார்த்தையைக் கேட்கும்போதும் அருட்சாதனங்களைப் பெறும்போதும் கூடவே கூடாது என்று மன்றாடியும் இருந்தார். நம் முன்னோர் அனுமதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், மன்றாட்டை மறந்துவிட்டார்கள். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல், பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் குரு அந்த வீட்டுக்குள் போய்த்தான் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணைக்கு எழுந்த எதிர்ப்பு நாற்பது ஆண்டு நீடித்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கிடைத்த ஏற்பாடு, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை அமர்த்திக்கொள்ளலாம் என்பது. தொடக் கூசும் குருவைத் திருத்தாமல், கூசாத குருவைத் தேடிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் தங்களை மறித்து எழுப்பியிருந்த சுவரைத் தலித் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்று அகற்ற வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவரைக் கட்டியவர்களுக்குத் தெரியாத வேதம், இடிக்கச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சீர்திருத்தச் சபையார் இதைப் படித்து நிம்மதி அடைய இடமில்லை. தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன், பறையர் குலத்தில் பிறந்தவர். லுத்தரன் மிஷனின் உபதேசியாராகி இந்தச் சீமையில் சபைகளை வளர்த்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது தரங்கம்பாடி மிஷனரிகள் பின்வாங்கினார்கள். அவர் கையிலிருந்து வேளாளர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதே காரணம். 1741-இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே கண்மூடினார். அப்பம் யாருடைய உடல் என்ற விசுவாசத்தைவிட, அதை நீட்டுகிற கை எந்தச் சாதிக் கை என்ற கேள்வி அன்று பெரிதாக இருந்தது. அந்த மிஷனரிகள் எவரும் தீயவர்கள் இல்லை. சபை உடையக் கூடாதே என்று கவலைப்பட்ட நல்லவர்கள். நல்லவர்களின் கவலையால்தான் இந்தப் பாவம் நம் மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கிறது.

வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, இரண்டாம் சரபோஜியின் ஒருசாலை மாணாக்கர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் பாட்டு இல்லாமல் தஞ்சைச் சபைகளில் கிறிஸ்துமஸ் இல்லை. அவரை மதிக்கிறோம், மதிப்பதால்தான் மறைக்காமல் சொல்கிறோம். புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் சாதி வேற்றுமையை ஒழிக்க முற்பட்டபோது, 1829-இல் அவர் அதை எதிர்த்து எழுதினார். சாதி உலக ஒழுங்கு, சுவிசேஷத்துக்கு அதில் வேலையில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். நான்கு ஆண்டு கழித்து, 1833 ஜூலையில், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு மடல் எழுதினார். சாதியை உடனே, முழுமையாக, இனி திரும்பாதபடி விட்டுவிட வேண்டும் என்றார். மடல் வாசிக்கப்பட்டதும் தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர்கள் திரளாகக் கோயிலை விட்டுப் போனார்கள். பிற்பாடு பலருக்கு லைப்சிக் மிஷனில் இடம் கிடைத்தது. அதன் தலைவர் கார்ல் கிரவுல், சாதி மெல்ல மெல்லத் தானே மறையும் சமூக வேறுபாடு என்று பொறுத்துக்கொண்டார். ஒரு சபை பாவம் என்று கதவைச் சாத்தியபோது பக்கத்துச் சபை பொறுமை என்று கதவைத் திறந்து வைத்தது. மெல்ல மறையும் என்று சொல்லி ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்க்கட்டும், மறைந்ததா என்று.

வேதம் இந்தக் கேள்விக்கு மிக எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறது என்று நாம் பாசாங்கு செய்ய மாட்டோம். வழக்கத்துக்கு வாதாடுகிறவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். மோவாபியர் ஆண்டவரின் சபைக்குள் வரலாகாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்நியப் பெண்களை மணந்தவர்கள் அவர்களைத் தள்ளிவிட்டதை எஸ்றா நூல் பக்திச் செயலாகவே வரைகிறது. அழைக்கப்பட்ட நிலையிலேயே அவரவர் நிலைத்திருக்கட்டும் என்ற கொரிந்தியர் நிருபத்தின் அறிவுரையைச் சாதிக்குக் காவலாக நிறுத்தியவர்கள் உண்டு. அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியட்டும் என்ற பேதுரு நிருபமும் இருக்கிறது. கானானுக்கு நோவா இட்ட சாபத்தைக் காட்டி, அமெரிக்கத் தென்மாநிலங்களின் போதகர்கள் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தைத் தேவ சித்தம் என்று பிரசங்கம் செய்தார்கள். இந்த வசனங்களை இல்லை என்று மூடி மறைக்கிற பிரசங்கியை நாம் நம்ப மாட்டோம்.

ஆனால் முழு வேதத்தையும் படிக்கிறவனுக்கு, அதற்குள்ளேயே ஒரு நீண்ட வழக்கு நடப்பது தெரியும். மோவாபியருக்கு இடமில்லை என்று சொன்ன அதே வேதம், மோவாபியப் பெண் ரூத்தைத் தாவீதின் கொள்ளுப்பாட்டியாக்குகிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் கிறிஸ்துவின் வம்சாவளியிலேயே அவள் பெயரை எழுதுகிறது. ஆண்டவரோடு சேர்ந்துகொண்ட அந்நியனை அவர் பிரித்துவிட மாட்டார் என்று ஏசாயா 56 வாதாடுகிறது. யோப்பாவில் மாடியில் ஜெபம் செய்துகொண்டிருந்த பேதுருவுக்குக் காட்சி கிடைக்கிறது. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்று அவரே கொர்நேலியு வீட்டில் நின்று அறிக்கையிடுகிறார். அதன்பின் அந்தியோக்கியா.

கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை நம் குருக்கள் ஒவ்வொருவரும் தவக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும். பேதுரு அங்கே புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து எழுந்து விலகிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. எந்த விசுவாசப் பிரமாணத்தையும் மறுக்கவில்லை, எவரையும் ஏசவில்லை. பந்தி மாறி உட்கார்ந்தார். அதற்காகப் பவுல், திருச்சபையின் முதல் தலைவரை, எல்லார் முன்னாலும், முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவும் அவரோடு விலகியவர்களும் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ப நேராக நடக்கவில்லை என்பது பவுலின் தீர்ப்பு. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது பவுலுக்குச் சமூக வழக்கமாகத் தோன்றவில்லை. மறையின் மையமே அங்கே ஆடிப்போவதாகக் கண்டார். ஆயரை எதிர்த்து எழுதலாமா என்று நம்மைக் கேட்கிறவர்களுக்கும் அந்த அதிகாரமே பதில்.

கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்த இடத்தில்தான் தகுதியற்ற விதமாக அப்பத்தை உண்பது பற்றிய எச்சரிக்கை வருகிறது. நம் ஊர்களில் அந்த எச்சரிக்கை எதற்கெல்லாம் பயன்படுகிறது? வெள்ளிக்கிழமை மாமிசம் தின்றவனையும், முறையில்லாமல் சேர்ந்து வாழ்கிற தம்பதியையும் நற்கருணை வரிசையிலிருந்து நிறுத்துவதற்கு. அது எழுதப்பட்டதோ ஒரே சபையில் இரண்டு பந்தி வைத்தவர்களுக்கு. யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் இன்னும் நேரடியானது. பொன் மோதிரக்காரனுக்கு நாற்காலி போட்டு, ஏழையைப் பார்த்து அங்கே நில் என்று சொல்கிற சபையை அது பாவம் செய்கிற சபை என்றே அழைக்கிறது. வழக்கம், மரபு, கலாசாரம் என்ற சொல் எதையும் அது பயன்படுத்தவில்லை.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஆதாமின் பாவத்தில் மனிதர் எல்லாரும் ஒன்றாகவே பிறக்கிறோம் என்பது நம் மறையின் அடித்தளம். ஒருவன் கொஞ்சம் குறைந்த ஆதிபாவத்தோடும் இன்னொருவன் கூடுதலான ஆதிபாவத்தோடும் பிறப்பதில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் அந்தப் பாவத்தைக் கழுவுகிறது என்று விசுவசிக்கிறோம். அப்படியானால், பாவத்தையே கழுவிய தண்ணீர் தீட்டைக் கழுவவில்லை என்று நடந்துகொள்கிறவன் எதை விசுவசிக்கிறான்? பாவத்தைவிடத் தீட்டுக்கு வலிமை அதிகம் என்கிறான். சிலுவையால் ஆகாதது ஒன்று உண்டு, அது சேரித் தெரு என்கிறான். இதைவிடப் பெரிய பதிதம் எதுவென்று நமக்குத் தெரியவில்லை. ஆரியுவின் பதிதத்தைக் கண்டிக்க நிசேயாவில் சங்கம் கூட்டிய திருச்சபை, இந்தப் பதிதத்துக்குத் திருவிழாக் கொடி ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறது.

பாவம் என்று ஒப்புக்கொண்டாலும், அது யாருடைய பாவம் என்று கேட்பவர்கள் உண்டு. கல்லறையை நான் கட்டவில்லை, தேர்ப் பாதையை நான் வகுக்கவில்லை, பாட்டன் செய்ததற்கு நான் எப்படி அறிக்கையிடுவது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிறவியிலேயே குருடனாயிருந்தவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். பாட்டன் பாவம் பேரன் தலையில் ஏறாது. ஆனால் 1984-இல் இரண்டாம் ஜான் பால், ஒப்புரவு பற்றிய தம் ஊக்கவுரையில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். சமூகப் பாவம் என்பது தனி மனிதப் பாவங்கள் குவிந்து உருவாவது. செய்கிறவன் மட்டும் அதில் பங்காளியல்ல. அதனால் ஆதாயம் அடைகிறவனும், தடுக்க முடிந்தும் பயத்தாலோ சோம்பலாலோ பேசாமல் இருக்கிறவனும் பங்காளிகள். பாட்டன் கட்டிய சுவருக்குப் பேரன் இந்த ஆண்டு வெள்ளையடித்தால், அது பேரனின் பாவம். வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டே பூசை வைத்தால், அது சாமியாரின் பாவம்.

திருச்சபைத் தலைமைக்கு இது தெரியாதது அல்ல. 1982-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை கூடியது வேறெங்கும் இல்லை, திருச்சிராப்பள்ளியில். சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று அங்கே அறிவித்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது, சாதி வேற்றுமையின் சாயல்கூடச் சபையில் இருக்கலாகாது என்று பாப்பரசர் அவர்களிடமே சொன்னார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று எழுதியது. எழுதியாகிவிட்டது. அந்த அறிக்கையை எத்தனை பங்குகளில் பூசைப் பிரசங்கத்தில் வாசித்தார்கள்? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைச் சாதி பார்த்துப் பிரித்து நின்ற சுவரைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. 1982 அறிவிப்பு வெளியான அதே ஊர்தான் அது.

இன்னொரு முரணையும் ஆயர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து விலக்குகிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திருத்தம் வந்தது, கிறிஸ்தவருக்கு வரவில்லை. இது அநீதி. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதற்கெதிராகத் தீர்மானம் போட்டது சரியே. ஆனால் மதம் மாறியும் சாதிக் கொடுமை எங்கள் மக்களை விடவில்லை என்று டில்லியில் வாதாடுகிற திருச்சபை, அந்தக் கொடுமை யாருடைய கோயிலில் நடக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. டில்லியில் ஒப்புக்கொள்வதைப் பங்கில் மறைப்பது, ஒடுக்கப்பட்டவனின் காயத்தை மனுவாக எழுதிக்கொண்டு காயப்படுத்தியவனோடு விருந்துண்பது.

கண்டித்தால் விட்டுப் போய்விடுவார்கள், கலகம் வரும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு; மறுக்கவில்லை. விழுப்புரம் பக்கம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இருந்த பகை 2008 மார்ச்சில் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இறந்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் எறையூர் எதைக் காட்டுகிறது? ஆண்டுக்கணக்காகத் தீர்ப்புச் சொல்லாமல் தள்ளிப்போட்ட வழக்கு ரத்தத்தில் முடியும் என்பதைக் காட்டுகிறது. வில்சன் மடலால் தஞ்சையில் ஆட்கள் வெளியேறினார்கள், மெய்தான். வெளியேறாமல் உள்ளேயே இருந்து அவமானப்பட்டவர்களின் தலையை யாரும் எண்ணவில்லை. அவர்களில் எத்தனை பேர் சத்தமில்லாமல் வேறு சபைக்குப் போனார்கள் என்ற கணக்கை எந்த மறைமாவட்டமும் வைத்துக்கொள்ளவில்லை.

திருவையாற்றில் இருந்துகொண்டு இது முடியாத காரியம் என்று சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். இதே ஊரில், தியாகராஜர் சமாதியில் பெண்கள் பாடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. தேவதாசி குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் நகைகளையும் சொத்தையும் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். எழுப்பியவரையே பாட விடவில்லை. அவர் சமாதியின் பின்புறம் பெண்களைக் கூட்டித் தனியே ஆராதனை நடத்தினார், விடாமல் போராடினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றுபட்டன, பெண்கள் பாடினார்கள். ஆராதனை அழிந்தா போயிற்று? ஜனவரியில் வந்து பாருங்கள். ஒரு சங்கீத சபையால் முடிந்தது கிறிஸ்துவின் சபையால் முடியாதா?

ஆகவே கேட்கிறோம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி ஆயர்களும், சி.எஸ்.ஐ. திருச்சி–தஞ்சைத் திருமண்டலமும், டி.இ.எல்.சி. சபையும் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். சாதி பார்த்துக் கல்லறை பிரிப்பதும், தேர்ப் பாதை மறிப்பதும், வரி வாங்க மறுப்பதும் சாவான பாவம் என்று கையெழுத்திட்ட மடலை எல்லாப் பங்குகளிலும் ஒரே ஞாயிறன்று வாசியுங்கள். ஆத்தும சோதனைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் கேள்விகளில் இதையும் சேருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் குரு இதைக் கேட்கட்டும். சக்கேயு வெறும் வருத்தம் தெரிவிக்கவில்லை, பறித்ததை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். அதுபோலப் பறித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை பாவ மன்னிப்பு முழுமையாகாது என்று சொல்லுங்கள். எல்லாத் தெருவுக்கும் போகாத தேரை எந்தக் குருவும் மந்திரிக்கக் கூடாது. எல்லாரிடமும் வரி வாங்காத திருவிழாவுக்குக் கொடி ஏறக் கூடாது. பங்குப்பேரவையில் எல்லாத் தெருவுக்கும் இடம் கொடுங்கள், பொறுப்புகளிலும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பங்குக்கு ஒரே தூம்பா போதும்; இரண்டாவதை உடைத்துவிடலாம். மறுக்கிற ஊரில் ஆடம்பரப் பூசையை நிறுத்துங்கள். வேறு பாவங்களுக்கு நிறுத்தத் தெரிந்தவர்கள்தானே நீங்கள்.

குருமாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் குருமடத்தில் கிரேக்கம் கற்பிக்கிறார்கள், எபிரேயம் கற்பிக்கிறார்கள். வேத விளக்க வகுப்பில் எஸ்றாவையும் ரூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் சொந்த ஊர்க் கல்லறையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். பேராசிரியர் தயங்கினால் நீங்களே எழுதுங்கள்.

நவம்பர் 2-ஆம் தேதி சகல மரித்த விசுவாசிகளின் நாள். அன்று குருக்கள் கல்லறைகளை மந்திரிக்கப் போவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு மறைமாவட்டமும், தன் எல்லைக்குள் எந்தெந்தப் பங்கில் இரண்டு கல்லறை இருக்கிறது, எந்தப் பங்கில் ஒரே தோட்டத்துக்குள் நடுச்சுவர் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்து, ஆயரின் கையெழுத்தோடு தன் மாத மடலில் அச்சிட வேண்டும். சுவர் விழுந்த பங்கின் பெயரை அடுத்த மாதம் எடுத்துவிடுங்கள். விழாத பங்கின் பெயர் விழும்வரை மாதந்தோறும் அச்சாகட்டும்.